கணினி அறிவியலில் ஆய்வுப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எந்தப் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறையை எடுத்துக்கொண்டாலும் ஆய்வுப் பிரிவுகளின் பட்டியல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். கோட்பாடும் அல்காரிதங்களும், இயங்குதளமும் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸும், நெட்வொர்க், தரவுத்தளம், நிரல்மொழியும் கம்பைலரும், கணினிக் கட்டமைப்பு, பாதுகாப்பும் கிரிப்டோகிராஃபியும், இயந்திரக் கற்றல், மொழிச் செயலாக்கம், கணினிப் பார்வை, ரோபாட்டிக்ஸ், கிராஃபிக்ஸ், மென்பொருள் பொறியியல், மனிதர்–கணினி ஊடாட்டம். முதுநிலை ஆய்வேடோ பிஎச்.டி.யோ தொடங்கப்போகும் மாணவர் இதைப் பார்த்து, பெயர் பிடித்ததை வைத்தோ பாடத்தில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்தோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார். தினமும் உட்கார்ந்து செய்யும் வேலை தனக்கு ஒத்துவரவில்லை என்பது ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் தெரிகிறது.

பிரிவின் பெயர், ஆய்வு எதைப் பற்றியது என்று சொல்லும். நாள் முழுக்க நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு கேள்வி இருக்கிறது: இந்தப் பிரிவில் ஒருவர் "இது சரி" என்று சொன்னால், மற்றவர்கள் எதைக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள்? நிரூபணமா, ஓடுகிற ஒரு சிஸ்டமா, தரவின் மேல் நடத்திய சோதனையா, மனிதர்களை வைத்து நடத்திய ஆய்வா? அந்த ஆதாரத்தை உண்டாக்குவதுதான் உங்கள் அன்றாட வேலை. தேர்வை அங்கிருந்து தொடங்குங்கள். சுமார் 12 வாரம் ஒதுக்கினால் போதும், அதுவும் பாடங்களோடு சேர்த்தே செய்யலாம்.

எதை ஆதாரமாக ஏற்கிறார்கள்?

கோட்பாட்டில் நிரூபணம். ஓர் எண் பகா எண்தானா என்று கண்டுபிடிக்கும் கேள்வியைப் பாருங்கள். 1970களின் இறுதியிலேயே மில்லர்–ராபின் சோதனை வந்துவிட்டது. வேகமானது. தவறும் வாய்ப்பை வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் சுழியாக்க முடியாது. 2002இல் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் தற்செயல் எதையும் நம்பாமல், பல்லுறுப்புக் கோவை நேரத்துக்குள், அதாவது எண்ணின் இலக்கங்கள் கூடினாலும் கட்டுமீறி வளராத நேரத்துக்குள், உறுதியான விடை தரும் முறையைக் கொடுத்தார்கள். கோட்பாட்டில் அது பெரிய சாதனை. மென்பொருளில் இன்றும் ஓடுவது பெரும்பாலும் மில்லர்–ராபின்தான், ஏனென்றால் அதுதான் வேகம். "யாரும் ஓட்டாத அல்காரிதத்துக்கு ஏன் இத்தனை பாராட்டு?" என்று உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, அல்லது "உறுதியாக முடியும் என்பது தெரிந்துவிட்டதே" என்று மனம் நிறைகிறதா? உங்கள் பதில் கோட்பாட்டுப் பிரிவைப் பற்றிப் பாதி சொல்லிவிடும்.

சிஸ்டம்ஸ் பக்கம், அதாவது இயங்குதளம், நெட்வொர்க், தரவுத்தளம், கட்டமைப்பு ஆகியவற்றில், கட்டி ஓட்டிக் காட்ட வேண்டும். யோசனை ஒரு வாரத்தில் வரும். அதைச் செய்து காட்ட ஓராண்டுக்கு மேல் நிரல் எழுதி, பிழை பார்த்து, அளந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு நல்ல கட்டுரைக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டு ஆவது இங்கே இயல்பு. கணினிக் கட்டமைப்பில் சிப் இன்னும் பிறக்கவே இல்லை என்பதால் சிமுலேட்டரில், அதாவது சிப்பைப் போல நடிக்கும் மென்பொருளில், ஓட்டுவார்கள். வினாடிக்கு 1 லட்சம் கட்டளைகள் ஓடும் நுணுக்கமான சிமுலேட்டர் என்று வையுங்கள். நிஜ சிப்பில் ஒரே வினாடியில் முடிகிற 300 கோடி கட்டளைகளை ஓட்ட அதற்கு 30,000 வினாடி, அதாவது எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எதை ஓட்டுவது, எதை விடுவது என்று தீர்மானிப்பதே அங்கு ஒரு தனிக் கலை.

இயந்திரக் கற்றல், மொழிச் செயலாக்கம், கணினிப் பார்வை ஆகியவற்றில் சோதனை எண்கள். 2012இல், படத்தில் இருப்பதை அடையாளம் காணும் இமேஜ்நெட் போட்டியில், அலெக்ஸ்நெட் என்னும் நரம்பு வலைப்பின்னலின் பிழை 15.3 விழுக்காடு, இரண்டாவதாக வந்ததன் பிழை 26.2 விழுக்காடு. அந்த ஒரு இடைவெளி பிரிவின் போக்கையே திருப்பியது. இத்தனைக்கும் அது ஓடியது தலா 3 ஜிபி நினைவகம் கொண்ட இரண்டு ஜிபியுக்களில் (வரைகலைச் சிப்புகளில்), ஐந்தாறு நாட்கள். இன்றைய அன்றாடம் என்பது தரவைச் சுத்தம் செய்வது, ஓட்டிவிட்டுக் காத்திருப்பது, ஏன் சரியாக வரவில்லை என்று தேடுவது. யோசிக்கும் நேரத்தைவிடத் தேடும் நேரம் கூட.

மனிதர்–கணினி ஊடாட்டத்தில் ஆதாரம் மனிதர்களிடமிருந்து வருகிறது. பங்கேற்பாளர்களை அழைப்பது, ஒப்புதல் வாங்குவது, பேட்டி எடுப்பது, எழுத்தாக்குவது, குறியிட்டுப் பகுப்பது எல்லாம் வேலை. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒருவரையும் அழைக்கக்கூடாது. அதற்கே வாரக்கணக்கில் ஆகும் என்பதைத் திட்டமிடும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிரல்மொழிப் பிரிவு இரண்டிலும் கால் வைத்திருக்கிறது. ஒரு புறம் நிரூபணம், மறுபுறம் ஓடுகிற கம்பைலர், அதாவது எழுதிய நிரலைச் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றும் மென்பொருள். இரண்டும் எப்படிச் சேர்கின்றன என்பதற்கு ஒரு சாட்சி: 2011இல் சிஸ்மித் என்னும் கருவி, தானே சி நிரல்களை உண்டாக்கி கம்பைலர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில், அதுவரை தெரியாத 325க்கு மேற்பட்ட பிழைகள் பிடிபட்டன. கணினியே சரிபார்த்த நிரூபணத்தோடு கட்டப்பட்ட காம்ப்செர்ட் கம்பைலரில், நிரூபிக்கப்பட்ட நடுப்பகுதியில் ஒரு பிழைகூட அகப்படவில்லை. கணக்கும் பிடிக்கும், கம்பைலரும் பிடிக்கும் என்பவர்கள் இந்தப் பிரிவைத் தவறவிடக்கூடாது. பலர் இது இருப்பதையே கவனிப்பதில்லை.

ஆதார வகைகளுக்கு நடுவே சுவர் கிடையாது. பல சர்வர்கள் ஒரே முடிவுக்கு வருவதற்கான ராஃப்ட் முறை 2014இல் வந்தபோது, அதே வேலைக்கான முந்தைய பாக்ஸோஸ் முறையைவிட இது புரிந்துகொள்ள எளிது என்பதே அதன் முக்கிய வாதம். அதைக் காட்ட நிரூபணம் உதவாது, வேக அளவீடும் உதவாது. அதனால் 43 மாணவர்களுக்கு இரண்டையும் கற்றுக்கொடுத்துத் தேர்வு வைத்தார்கள். 33 பேர் ராஃப்டில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். முதலில் படிப்பது இரண்டாவதைப் படிக்க உதவிவிடுமே என்று, பாதிப் பேருக்கு வரிசையை மாற்றிக் கொடுத்தார்கள். சிஸ்டம்ஸ் கட்டுரைக்குள் ஊடாட்ட ஆய்வின் நுட்பம் இது. வாதம் எதுவோ அதற்கேற்ற ஆதாரம் என்பதை இங்கே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரே பொருளை நான்கு இடத்தில் ஆராய்வார்கள்

"எனக்குத் தனியுரிமையில் ஆர்வம்" என்று ஒரு மாணவர் சொன்னால், எந்தப் பிரிவுக்குப் போவது என்று இன்னும் முடிவாகவில்லை என்றே பொருள். கோட்பாட்டாளர்கள் 2006இல் டிஃபரன்ஷியல் பிரைவசிக்கு வரையறை கொடுத்தார்கள்: தரவில் ஒரு நபர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளிவரும் விடை கிட்டத்தட்ட மாறக்கூடாது, எவ்வளவு மாறலாம் என்பதற்குத் துல்லியமான வரம்பு உண்டு. பாதுகாப்புப் பிரிவினர் தாக்கிப் பார்ப்பார்கள்: நெட்ஃபிளிக்ஸ் பெயர்களை நீக்கி வெளியிட்ட மதிப்பீட்டுத் தரவை ஐ.எம்.டி.பி. தளத்தின் பொது மதிப்பீடுகளோடு ஒப்பிட்டு, சிலரை அடையாளம் காண முடியும் என்று 2008இல் காட்டினார்கள். தரவுத்தளப் பிரிவினர் அந்த வரம்புக்குள் கேள்விகளுக்கு வேகமாக விடை தரும் எஞ்சின் கட்டுவார்கள். ஊடாட்டப் பிரிவினர், "ஏற்கிறேன்" என்ற பொத்தானை அழுத்தும்போது மக்கள் எதை ஏற்றதாக நினைக்கிறார்கள் என்று கேட்பார்கள். பொருள் ஒன்று, நாட்கள் நான்கு விதம். உங்கள் ஆர்வத்தை ஒரு தாளில் எழுதி, அதையே இப்படி நான்கு கேள்வியாக மாற்றிப் பாருங்கள். எந்தக் கேள்வியின் விடையைத் தேடி ஞாயிற்றுக்கிழமையும் உட்காருவீர்களோ அதைக் குறித்துவையுங்கள்.

துறையின் பக்கத்தை வாசிக்கும் முறை

பிரிவுகளின் அறிமுகப் பத்திகளை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். அவை எப்போதோ எழுதப்பட்டவை. ஓய்வு பெற்றவர் பெயரில் ஒரு பிரிவு தொடர்ந்துகொண்டிருக்கும், புதிதாகச் சேர்ந்த மூவரின் வேலை பட்டியலிலேயே இருக்காது. பேராசிரியர் ஒவ்வொருவரின் பெயரையும் டி.பி.எல்.பி. என்னும் கட்டுரைப் பட்டியல் தளத்தில் தேடி, கடைசி மூன்று ஆண்டுக் கட்டுரைகளை மட்டும் பாருங்கள். முப்பது பேர் உள்ள துறையானால் இரண்டு மாலை ஆகும்.

அங்கே கவனிக்க வேண்டியது மாநாட்டின் பெயர். கணினி அறிவியலில் முதன்மை வெளியீடு பெரும்பாலும் மாநாட்டில்தான், ஆய்விதழில் அல்ல. ஆகவே மாநாட்டுப் பெயர்தான் ஒருவரின் உண்மையான பிரிவைக் காட்டும். ஸ்டாக், ஃபாக்ஸ், சோடா என்றால் கோட்பாடு. எஸ்.ஓ.எஸ்.பி., ஓ.எஸ்.டி.ஐ. என்றால் இயங்குதளம், டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ். சிக்காம், என்.எஸ்.டி.ஐ. நெட்வொர்க். சிக்மாட், வி.எல்.டி.பி. தரவுத்தளம். பி.எல்.டி.ஐ., பாப்பிள் நிரல்மொழி. இஸ்கா, மைக்ரோ கட்டமைப்பு. நியூரிப்ஸ், ஐ.சி.எம்.எல்., ஐ.சி.எல்.ஆர். இயந்திரக் கற்றல். ஏ.சி.எல்., ஈ.எம்.என்.எல்.பி. மொழி. சி.வி.பி.ஆர்., ஐ.சி.சி.வி. பார்வை. யூஸ்னிக்ஸ் செக்யூரிட்டி, சி.சி.எஸ்., என்.டி.எஸ்.எஸ். பாதுகாப்பு. கிரிப்டோ, யூரோகிரிப்ட் குறியாக்கம். கை என்றால் ஊடாட்டம். ஐ.சி.எஸ்.இ. மென்பொருள் பொறியியல். தன் பக்கத்தில் "தரவுத்தளம்" என்று போட்டிருப்பவர் மூன்று ஆண்டாக நியூரிப்ஸில் மட்டுமே எழுதியிருந்தால், அவரிடம் நீங்கள் செய்யப்போவது இயந்திரக் கற்றல்.

அடுத்து, ஆசிரியர் வரிசை. கோட்பாட்டிலும் கிரிப்டோகிராஃபியிலும் பெயர்கள் அகர வரிசையில் வரும். முதல் பெயருக்குத் தனிப் பொருள் எதுவுமில்லை. மற்ற பிரிவுகள் பெரும்பாலானவற்றில் முதல் பெயர் பெரும்பகுதி வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் பெரும்பாலும் நெறியாளருடையது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், ஒரு நெறியாளரின் மாணவர்கள் முதல் பெயராக எத்தனை முறை வருகிறார்கள், சேர்ந்த எத்தனையாவது ஆண்டில் முதல் கட்டுரை வருகிறது என்பது தானாகத் தெரியும். ஒரே மாணவர் மட்டும் எல்லாவற்றிலும் முதல் பெயராக இருந்தால், மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

கட்டுரை எண்ணிக்கையைப் பிரிவு விட்டுப் பிரிவு ஒப்பிடாதீர்கள். ஆண்டுக்கு மூன்று நான்கு கட்டுரை இயந்திரக் கற்றலில் இயல்பு. சிஸ்டம்ஸில் அதே எண்ணிக்கை அசாதாரணம்.

பதினைந்து கட்டுரைகள்

குறித்துவைத்த கேள்விக்கு நெருக்கமான மூன்று பிரிவுகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஐந்து கட்டுரை எடுங்கள். ஐந்தில் மூன்று உங்கள் துறையினர் கடைசி மூன்றாண்டில் எழுதியவை, ஒன்று அந்த மாநாட்டில் விருது பெற்றது, ஒன்று பத்து ஆண்டுக்கு முன் வந்து இன்றும் மேற்கோள் காட்டப்படுவது. கட்டுரைகள் பெரும்பாலும் ஆசிரியர்களின் பக்கத்திலோ ஆர்கைவ் தளத்திலோ இலவசமாகக் கிடைக்கும்.

முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே மூச்சில் வாசிக்க முயன்றால் மூன்றாவது கட்டுரையிலேயே களைத்துப்போவீர்கள். முதல் சுற்றில் சுருக்கம், முன்னுரை, படங்களின் கீழுள்ள விளக்கங்கள், முடிவுரை மட்டும். கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பிறகு கட்டுரையை மூடிவிட்டு மூன்று வரி எழுதுங்கள்: என்ன வாதம், என்ன ஆதாரம், அந்த ஆதாரம் எதைத் தொடவில்லை. மூன்றாவது வரி எழுத முடியாத கட்டுரையை இரண்டாம் முறை, ஒரு மணி நேரம் ஒதுக்கி வாசிக்கலாம். பதினைந்தும் முடிந்தபின் பழைய தாள்களைப் புரட்டினால், எந்தப் பிரிவுக் கட்டுரைகளில் மூன்றாவது வரி நீளமாகவும் சூடாகவும் வந்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். குறை சொல்லக் கை துடிக்கும் இடத்தில்தான் உங்களுக்கு ஆய்வு இருக்கிறது.

ஒரே ஒரு படத்தை மறுபடி வரையுங்கள்

இந்த முழு வழிமுறையில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். பிடித்த கட்டுரையிலிருந்து ஒரு படத்தை, ஒரே ஒரு படத்தை, உங்கள் கணினியில் மறுபடி உண்டாக்குங்கள். நான்கு வாரம். நிரல் வெளியிடப்பட்ட கட்டுரையாகப் பாருங்கள். சில மாநாடுகள் நிரலைத் தனியே சோதித்து முத்திரை தருகின்றன. அந்த முத்திரை உள்ளதானால் பாதித் தலைவலி குறையும்.

முதல் வாரம் நிரலைக் கட்டி ஓடவைப்பதிலேயே போகும். ஆசிரியர்கள் பயன்படுத்திய அதே பதிப்புகளைப் பிடியுங்கள். கம்பைலர், நூலகங்கள், கெர்னல், எல்லாவற்றின் பதிப்பு எண்ணையும் ஒரு கோப்பில் குறியுங்கள். புதிய பதிப்பில் ஓடினால் என்ன என்று தோன்றும். ஓடும், எண் மாறும், ஏன் மாறியது என்று தெரியாமல் பத்து நாள் போகும்.

சிஸ்டம்ஸ் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: கீழ் அச்சில் இழைகளின் (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் பகுதிகளின்) எண்ணிக்கை, பக்க அச்சில் வினாடிக்கு எத்தனை கோரிக்கைகள். நீங்கள் ஓட்டியதும் முதல் ஓட்டம் மந்தமாகவும், இரண்டாவது பல மடங்கு வேகமாகவும் வரும். முதலில் தரவு வட்டிலிருந்து வந்தது, அடுத்த முறை இயங்குதளம் நினைவகத்தில் வைத்திருந்ததிலிருந்து வந்தது. கட்டுரை எதை அளந்தது என்று பார்த்து, ஒன்று நினைவகத்தில் அப்படி வைத்திருக்கும் தேக்ககத்தைக் காலி செய்துவிட்டு அளங்கள், இல்லையென்றால் சூடேற்றும் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். அடுத்து, 8 இழைவரை ஏறிய கோடு 16இல் தட்டையாகிவிடும். இயங்குதளம் 16 செயலி என்று காட்டினாலும், உள்ளே இருப்பது 8 கோர், ஒவ்வொன்றும் இரண்டாகக் காட்டிக்கொள்கிறது. மதியம் ஓட்டினால் ஓர் எண், இரவு ஓட்டினால் வேறோர் எண் வருவது, சிப் சூட்டுக்கும் மின்சேமிப்புக்கும் ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்வதால். அந்த அமைப்பை நிலையான வேகத்துக்கு மாற்றுங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் கோடு ஏறவே மறுத்தால், கோரிக்கை அனுப்பும் கணினியைப் பாருங்கள். சர்வர் சும்மா இருக்க, அனுப்புகிறவர் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.

இதைவிட நுணுக்கமான கண்ணிகளும் உண்டு. இயங்குதளம் நிரலுக்குக் கொடுக்கும் அமைப்பு விவரங்களான சூழல் மாறிகளின் மொத்த அளவு மாறினாலே நிரலின் வேகம் மாறலாம் என்று 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த மாறிகள் அடுக்கு நினைவகத்தின் தொடக்கத்தில் உட்காருவதால், நிரலின் தரவு வேறு முகவரிக்கு நகர்ந்துவிடுகிறது. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை, முடிவு மட்டும் மாறுகிறது.

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். 100 கோரிக்கைகளில் 99க்கு 1 மில்லி வினாடியும் ஒன்றுக்கு 500 மில்லி வினாடியும் ஆனால் சராசரி 6 மில்லி வினாடிக்குச் சற்றுக் குறைவு. உண்மையில் 6 மில்லி வினாடி எடுத்த கோரிக்கை ஒன்றுகூட இல்லை. இன்னொரு கணக்கு: ஒரு வலைப்பக்கம் 100 சர்வர்களைக் கேட்டு நிரம்புகிறது, ஒவ்வொன்றும் நூற்றில் ஒரு முறை தாமதிக்கிறது என்றால், பயனர்களில் 63 விழுக்காட்டினருக்கு அந்தத் தாமதம் தட்டுப்படும். சிஸ்டம்ஸ் கட்டுரைகள் ஏன் 99ஆம் சதமானத்தை, அதாவது நூற்றில் 99 கோரிக்கைகள் முடிந்துவிடும் நேரத்தை, பிடித்துக்கொண்டு தொங்குகின்றன என்பது இந்தக் கணக்கைக் கையால் போட்டால் புரியும்.

இயந்திரக் கற்றல் படமானால் கண்ணிகள் வேறு. ஆசிரியர்களிடம் எட்டு ஜிபியு, உங்களிடம் ஒன்று. அதனால் பேட்ச் அளவை (ஒரு தடவையில் மாடலுக்குக் கொடுக்கும் எடுத்துக்காட்டுகளின் எண்ணிக்கையை) குறைப்பீர்கள், கற்கும் வீதத்தை (ஒவ்வொரு தடவையும் மாடல் எவ்வளவு மாறுகிறது என்பதை) பழையபடியே விட்டுவிடுவீர்கள், பயிற்சி தறிகெட்டுப் போகும். பேட்சைப் பாதியாக்கினால் வீதத்தையும் பாதியாக்கித் தொடங்குங்கள். ஒரே ரேண்டம் சீடில் (தற்செயல் எண்களின் தொடக்க எண்ணில்) ஓட்டி எண்ணைக் குறித்துவிடாதீர்கள். குறைந்தது ஐந்து சீடில் ஓட்டி, பரவலையும் சேர்த்து எழுதுங்கள். சோதனைத் தரவில் 1,000 எடுத்துக்காட்டுகள் மட்டுமே இருந்து துல்லியம் 90 விழுக்காடு என்றால், தற்செயலாலேயே அந்த எண் 2 விழுக்காடு அளவுக்கு இப்படியும் அப்படியும் ஆடலாம். அங்கே 91 வந்துவிட்டது என்று கொண்டாட எதுவும் இல்லை.

எண் கட்டுரையைவிட நன்றாக வந்தால் மகிழாமல், பயப்படுங்கள். சோதனைத் தரவு பயிற்சித் தரவுக்குள் கசிந்திருக்கலாம். ஒரே நோயாளியின் இரண்டு ஸ்கேன்களில் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் போயிருந்தால் மாடல் நோயை அல்ல, நோயாளியைக் கற்றுக்கொள்கிறது. பிரிக்கும் முன்பே மொத்தத் தரவின் சராசரியைக் கொண்டு அளவிட்டிருந்தாலும் கசிவுதான். எனவே முதலில் நபர்வாரியாகப் பிரியுங்கள், பிறகுதான் எந்தக் கணக்கும்.

நான்காவது வாரம், படம் ஓரளவு ஒத்துவந்தபின், ஒரே ஒரு காரணியை மாற்றி ஓட்டுங்கள்: தரவைத் தேட உதவும் சாவிகளை எட்டு பைட்டிலிருந்து 100 பைட்டாக்கலாம், தரவை எழுதும் கோரிக்கைகளைப் பாதியாக்கலாம், வேறு மொழித் தரவைக் கொடுக்கலாம். என்ன ஆகும் என்று ஓட்டும் முன் எழுதிவையுங்கள். உங்கள் ஊகம் பொய்த்து, ஏன் என்று தேடி இரவு பத்து மணிக்கு மேலும் உட்கார்ந்திருந்தால் இந்தப் பிரிவு உங்களுக்கானது. ஒத்துவந்த உடனே "அப்பாடா" என்று மூடிவைத்துவிட்டு ஒரு வாரம் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், அதையும் நேர்மையாகக் கணக்கில் எடுங்கள். நான்கு வாரம்தான் போயிற்று.

கோட்பாட்டுக்கான சோதனை

ஓட்டிப் பார்க்கப் படம் இருக்காது. தேற்றத்தின் கூற்றை மட்டும் தாளில் எழுதிக்கொண்டு கட்டுரையை மூடிவிடுங்கள். சிறிய நிலைகளுக்கு, மூன்று கணு நான்கு கணுவுக்கு, கையால் செய்து பாருங்கள். நிபந்தனைகளில் ஒன்றை எடுத்துவிட்டால் தேற்றம் எங்கே உடைகிறது என்று எதிர்க்காட்டு தேடுங்கள். இரண்டு நாள் முட்டியபின் திறந்து ஒரு துணைத் தேற்றம் மட்டும் வாசியுங்கள், மறுபடி மூடுங்கள். "எளிதில் காணலாம்" என்று எழுதியிருக்கும் ஒவ்வோர் இடத்தையும் உங்கள் கையால் நிரப்ப வேண்டும். அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் சில நேரம் மூன்று பக்கம் இருக்கும். பத்து நாள் ஒரு வரிகூட நகராமல் இருப்பது இங்கே சாதாரணம். அந்தப் பத்து நாள் உங்களை வாட்டியதா, உள்ளே இழுத்ததா என்று மட்டும் பாருங்கள்.

நெறியாளருக்கு எழுதுவது

மறுவரைவு முடிந்த பிறகே எழுதுங்கள். "உங்கள் ஆய்வில் எனக்கு ஆழ்ந்த ஆர்வம்" என்று தொடங்கும் கடிதங்கள் பேராசிரியர்களுக்கு வந்து குவிகின்றன, எல்லாம் ஒரே மாதிரி. பத்து வரிக்குள், இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம். உங்கள் குழுவின் சென்ற ஆண்டுக் கட்டுரையில் ஆறாவது படத்தை 8 கோர் கணினி ஒன்றில் மறுபடி ஓட்டினேன். 8 இழைவரை உங்கள் எண்களோடு ஒத்துவந்தது. சாவியின் நீளத்தை 8 பைட்டிலிருந்து 100 பைட்டாக்கியபோது வேகம் நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாக விழுந்தது. தேக்கக வரிக்குள் சாவி அடங்காமல் போவது காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன், உறுதியாகத் தெரியவில்லை. இரண்டு பக்கக் குறிப்பும் நிரலும் இணைத்துள்ளேன். இந்தத் திசையில் ஓர் ஆய்வேடு செய்ய இயலுமா என்று உங்களிடம் இருபது நிமிடம் பேச விரும்புகிறேன்."

இதற்குப் பதில் வருவதற்கான வாய்ப்பு பல மடங்கு கூட. இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு முறை, ஒரே முறை, நினைவூட்டுங்கள்.

சந்திப்புக்கு முன்னரோ பின்னரோ அவருடைய மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். ஆகவே நடந்ததைக் கேளுங்கள்: கடைசியாக எப்போது அவரோடு உட்கார்ந்து பேசினீர்கள்? வரைவு கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தம் வருகிறது? கட்டுரை நிராகரிக்கப்பட்டபோது அவர் என்ன சொன்னார்? முன்னணி மாநாடுகளில் நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான் ஏற்கப்படுகிறது என்பதால் நிராகரிப்பு எல்லோருக்கும் நடக்கும். அந்த நாளில் நெறியாளர் நடந்துகொண்ட விதத்தை வைத்து எடைபோடுங்கள். படிப்பை முடிக்காமல் விட்டுப்போனவர்கள் இருந்தால் அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். பிரிவு சுமாராக ஒத்து, நெறியாளர் நன்றாக அமைவதே தாங்கும். நேர்மாறானது தாங்காது.

நிதி எங்கிருந்து, எத்தனை ஆண்டுக்கு வருகிறது, எத்தனை ஜிபியு எத்தனை பேருக்குப் பங்கு, தரவைப் பயன்படுத்த யாருடைய அனுமதி வேண்டும் என்பவற்றைச் சேரும் முன்பே கேட்டுவிடலாம். கேட்பதில் தவறு எதுவுமில்லை.

சூடான பிரிவும் பிரிவு மாற்றமும்

எல்லோரும் ஓடும் பக்கம் ஓடுவதா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். பிஎச்.டி.க்கு ஐந்தாண்டு என்றால், இன்று சூடாக இருப்பது நீங்கள் முடிக்கும்போது எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. நரம்பு வலைப்பின்னல்களைப் பிறழ்வுப் பின்பரவலால் பயிற்றுவிக்கும் முறை 1986லேயே பரவலாகத் தெரிந்துவிட்டது. பிறகு நீண்ட காலம் ஓரங்கட்டப்பட்டிருந்து, 2012க்குப் பின்தான் நடுவுக்கு வந்தது. கணினிக் கட்டமைப்பு அடங்கிவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தபோது, 2018 ஜனவரியில் மெல்ட்டவுனும் ஸ்பெக்டரும் வெளிவந்தன. வேகத்துக்காகச் சிப் முன்கூட்டியே ஓட்டிப்பார்க்கும் உத்தி ரகசியத்தைக் கசியவிடுகிறது என்று தெரிந்ததும், கட்டமைப்பும் பாதுகாப்பும் ஒரே மேசைக்கு வந்துவிட்டன. நெரிசலான பிரிவுக்குள் போவதானால், இரண்டு பிரிவுகள் உரசும் இடத்தைத் தேடுங்கள். தரவுத்தளத்தின் கண்ணோடு இயந்திரக் கற்றலைப் பார்ப்பவருக்கு அங்கே போட்டி குறைவு, கேள்வி அதிகம்.

முதலாண்டில் பிரிவு மாறுவது பல துறைகளில் இயல்பாக நடக்கிறது. மாறுவதற்கு முன் இரண்டைப் பிரித்துப் பாருங்கள்: வேலை பிடிக்கவில்லையா, அல்லது இந்தச் சிக்கல் மட்டும் சிக்கிக்கொண்டதா? அதே பிரிவில் வேறொரு சிறு கேள்வியை மூன்று வாரம் எடுத்துச் செய்தால் தெரிந்துவிடும். அப்போதும் மனம் ஒட்டவில்லை என்றால், இப்போதைய நெறியாளரிடம் முதலில் சொல்லிவிட்டுப் பிறகு அடுத்தவரிடம் பேசுங்கள். பின்னால் தெரியவந்தால் இருவருக்கும் சங்கடம். கையிலிருக்கும் நிரலையும் குறிப்புகளையும் அடுத்து வருபவர் ஓட்டும் நிலையில், பதிப்பு எண்கள் எழுதிய அந்தக் கோப்போடு சேர்த்து, ஒப்படைத்துவிட்டு நகருங்கள்.